வெயில் கொட்டோ கொட்டென்று கொட்டிய நாள்

“‘சொர்க்கம்’னு ஒரே ஒரு வார்த்தைதான்யா சொன்னேன். தீவு மொத்தமும், ஆடு மாடு, கோழிக் குஞ்சு, கைக்குழந்தை, கட்டிலோட கிடந்த கிழம் எல்லாம் அலறி அடிச்சுக்கிட்டுக் குன்று மேல ஏறிடுச்சு. கடைசி ஆள் உச்சியில போய் உக்கார்றப்போ நான் மைக்குல இன்னும் ‘வணக்கம் நேயர்களே’யைச் சொல்லி முடிக்கல!”

படகுத்துறைக்குப் போகும் சந்திலிருந்த சலூனில் வைத்துத்தான் வெயிலார் இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார். சலூன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு நாற்காலிகள். ஒன்று சுற்றும், இன்னொன்று சுற்றப் போவதாகச் சொல்லி ஆடிக்கொண்டே இருக்கும். கடல் காற்றின் உப்பு அரித்துக் கண்ணாடி முழுக்கக் கறுப்புப் புள்ளி. அதில் முகம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அம்மை வார்த்ததுபோலத் தெரியும். தகரக் கூரை, கூரையில் ஓர் ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வெளியே வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

உள்ளே இருந்தது நாலே பேர். கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்த சலூன்காரர். சுற்றும் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி, கன்னம் நிறைய நுரையோடு மல்லாந்திருந்த பன்னீர். பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த தபால் அதிகாரி. மாற்றலாகி வந்து பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்காத மனிதர் அவர். அவருக்கு எதிரே, முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத வழுக்கைத் தலையோடு, பேச மட்டுமே சலூனுக்கு வருகிற வெயிலார்.

“கோழிக் குஞ்சுமா?” என்று சிரித்தார் தபால் அதிகாரி.

“கோழிக் குஞ்சுதான் சார் முதல்ல போனது. ரேடியோவ ஒழுங்கா கேக்குற ஜாதி அது.”

“பொய்,” என்றது நுரை. சொன்ன வேகத்தில் ஒரு குமிழி உடைந்தது.

“பேசாதீங்க சார், கத்தி கையில இருக்கு,” என்றார் சலூன்காரர்.

வெயிலாருக்கு இந்த ஒரு சொல்தான் தொண்டையில் மாட்டிய முள். ஓய்வு பெற்ற வானொலி அறிவிப்பாளர் அவர். தொண்டையில் தேன் தடவிக்கொண்டு பிறந்தவர் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தவரும் அவரேதான். அவர் வாயிலிருந்து வந்த கதைகளில் முக்கால்வாசி காற்றில் திரித்த கயிறு என்பது அவருக்கே தெரியும். ஆனால் இந்த ஒரு கதை நிஜம். கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பார், அதை விடுங்கள். அடிப்படையில் நிஜம். அவர் மைக்கில் அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த நேர்சாட்சி உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஒருவர் இந்த நாற்காலியில் நுரைக்குள் படுத்துக்கொண்டு, அன்றைக்கு அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதிக்கிறார். சாட்சி வேறு யாராகவாவது இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பன்னீர், வெயிலாரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. சொந்த மச்சினனே சாட்சி சொல்ல மறுத்தால் மனிதன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

“சார், நீங்க ஊருக்குப் புதுசு,” என்று வெயிலார் தபால் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “வந்த அன்னைக்கு விடுதியில என்ன கேட்டீங்க?”

“மழை வருமான்னு கேட்டேன். வரவேற்பறையில இருந்த அத்தனை பேரும், நான் என்னவோ கெட்ட வார்த்தை பேசின மாதிரி திரும்பிப் பாத்தாங்க.”

“கெட்ட வார்த்தைதானே பேசினீங்க!” என்று தொடையில் தட்டினார் வெயிலார்.

கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தத் தீவுக்கு மழை விருந்தாளி இல்லை, வீட்டு மாப்பிள்ளை. சொல்லாமல் வரும். வந்தால் லேசில் கிளம்பாது. கிளம்பும்போது எதையாவது தூக்கிக்கொண்டுதான் போகும். கொடியில் காயப் போட்ட சட்டையில் காளான் முளைக்கும். செருப்பை ராத்திரி வாசலில் விட்டால் விடியும்போது தவளை குடும்பத்தோடு குடிவந்து, காலை நுழைத்தால் ‘யாரது’ என்று கேட்கும். கருமேகம் கடலிலிருந்து எழுந்து தென்னந்தோப்பைத் தாண்டிக் குன்றில் முட்டிக்கொள்ளும். முட்டிக்கொண்டதும், அடிபட்ட குழந்தை மாதிரி அங்கேயே உட்கார்ந்து அழும். அழுது முடித்தால் அரை மணி நேரம் வெயில் சிரிக்கும். அந்த அரை மணி நேரத்தில் கடல் பச்சையும் நீலமுமாக, பட்டுப்புடவைக் கடைக்காரர் விரித்துப் போட்டதுபோல மின்னும். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அந்த அரை மணி நேரத்தில்தான் எடுப்பார்கள்.

அந்தப் படத்தை வைத்துத்தான் தீவு பிழைத்தது. படகுத்துறையில் ‘வருடமெல்லாம் வெயில்’ என்று எழுதிய பெரிய பலகையை நட்டிருந்தார்கள், நடுவில் சிரிக்கிற சூரியன். ஈரத்தில் பாசி பிடித்துப் பிடித்து அந்தச் சூரியனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை ஆள் வைத்துச் சூரியனுக்குச் சவரம் செய்வார்கள்.

சுற்றுலா அலுவலகத்தில் அப்போது செல்வாக்காக இருந்தவர் நம் நாற்காலி மனிதர். பலகையில் வெயில் என்று எழுதிவிட்டு வானொலியில் மழை என்று வாசித்தால் விருந்தினர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தார். யோசித்து, ‘மழை’ என்ற சொல்லுக்குத் தடை போட்டார். அதற்குப் பதிலாக ‘பன்னீர்த் தூவல்’. மேகத்துக்கு ‘வானப் பந்தல்’, இடிக்கு ‘வரவேற்பு மேளம்’, சேற்றுக்கு ‘பாதப் பராமரிப்பு’. விடுதி அறைகளில் ஒழுகுகிற இடத்தில் வைத்த வாளிக்கு ‘நீரிசை’. ஊர் சும்மா இருக்குமா? அவருக்குப் பன்னீர் என்றே பெயர் வைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும்.

பிறகு ஒரு வெளிநாட்டு அம்மணி, முழங்கால்வரை பன்னீரில் நின்று, ‘இதற்குப் பெயர் பன்னீர் என்றால் வெள்ளத்துக்கு என்ன பெயர்?’ என்று கேட்டுவிட்டாள். அன்றோடு பன்னீருக்கும் தடை. வானொலியில் வானிலை என்றால் இனி வெயில் ஒன்றுதான்.

வாசிக்க வேண்டியவர் வெயிலார். வெயில் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பாவம்? கழுதை கெட்டால் குட்டிச்சுவர், அறிவிப்பாளர் கெட்டால் அடைமொழி. தூறல் என்றால் ‘வெயில்’ என்றார். மழை என்றால் ‘நல்ல வெயில்’. கொட்டுகிற மழைக்கு ‘அருமையான வெயில்’. நிஜமாகவே வெயில் அடித்தால் வாயே திறக்காமல் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஊருக்கு இதைப் பிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. ‘நல்ல வெயில்’ என்று வானொலி சொன்னால் பெண்கள் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை அள்ளினார்கள். “வெயில்ல நனைஞ்சு ஜலதோஷம் டீச்சர்” என்று பிள்ளைகள் லீவு கேட்டார்கள். “வெயில் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, ஒரு டீ போடு” என்றார்கள் படகோட்டிகள். கூரை மாற்றியவன், “இனி ஒரு சொட்டு வெயில் உள்ள வராது” என்று மார்தட்டினான். விருந்தினர்கள் மட்டும் ‘அருமையான வெயில்’ என்று கேட்டதும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, தொப்பலாக நனைந்து, தீவுக்காரர்கள் எல்லாம் எப்படி முன்கூட்டியே உள்ளே போனார்கள் என்று வியந்தபடி நின்றார்கள்.

இதற்கு மேல் ஒரு படி இருந்தது. அதை வெயிலார் மைக்கில் ஒருநாளும் சொன்னதில்லை. சந்தையில், நாலு பேர் கூடி நின்றபோது, தீவைப் போட்டுப் புரட்டுகிற மாதிரி ஒன்று வந்தால் என்னய்யா சொல்வாய் என்று யாரோ கேட்டார்கள். “நான் என்னைக்காவது ‘சொர்க்கம்’னு சொன்னா, அடுப்ப அணைக்கக்கூட நிக்காதீங்க. குன்றுக்கு ஓடிடுங்க,” என்றார் வெயிலார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் மனதில் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

“இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது,” என்றது நுரை. “நான் ஆபீசர். நான் சந்தைக்கெல்லாம் போறதில்ல.”

“அசையாதீங்க சார். காது வேணுமா வேண்டாமா?”

தபால் அதிகாரி இப்போது பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார். “அப்புறம்?”

அப்புறம்தான் அந்த நாள். விடுதி முதலாளிகளின் சங்கத் தலைவருக்கு, வெளிநாட்டுப் பயண ஏஜென்டுகளைக் கூட்டி வந்து வெயிலிலேயே ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்று ஆசை வந்தது. மாநாட்டுக்கு அவர் பிடித்த இடம் மணல் திட்டு. கரையிலிருந்து படகில் போக வேண்டும். கடல் வற்றும்போது வெள்ளை வெளேரென்று வெளியே வருகிற, கைக்குட்டை அளவு மணல். காற்று கொஞ்சம் ஏறினால் கைக்குட்டையைக் கடல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும். அங்கே நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வானொலியை வைத்து, பழச்சாறு கொடுக்க ஆளும் போட்டார்கள். பழச்சாற்றுத் தட்டோடு நின்றவள் வெயிலாரின் ஒரே மகள். விடுதி வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். சீருடையை இஸ்திரி போட்டுப் போட்டு, காலையில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

ஒலிபரப்பு அறையில் வெயிலாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு பன்னீர் உட்கார்ந்திருந்தார். மாநாட்டு நாளில் ஏடாகூடமாக எதுவும் காற்றில் போய்விடக்கூடாது என்று மேலிடம் அனுப்பி வைத்திருந்தது. மைக்கை அணைக்கிற சுவிட்சின் மேல் அவர் விரல். முந்தின வாரம் வெயிலார் ஒருமுறை தும்மியதற்கே, ஜலதோஷம் என்றால் மழையை நினைப்பார்கள் என்று சுவிட்சை அமுக்கியவர் அவர்.

அன்று காலையிலிருந்தே தீவு ஒரு மாதிரியாக இருந்தது. காற்று நின்றுவிட்டது. தென்னை மட்டை ஒன்றுகூட அசையவில்லை, புகைப்படத்துக்கு நிற்பதுபோல நின்றன. வளையை விட்டு வந்த நண்டுகள் வானொலி நிலையத்தின் படியேறி, பார்வையாளர் போல வரிசையில் காத்திருந்தன. அப்போது தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட வெயிலார் எழுந்து நின்றுவிட்டார்.

“யாரு அத்தான்?”

“வானிலை ஆபீஸ். பெரிசு வருதாம். இன்னும் கொஞ்ச நேரத்துல மணல் திட்டு தண்ணிக்குள்ள போயிடுமாம்.”

“பெரிசுன்னா?”

“பெரிசுன்னா பெரிசுதான். புயல்.”

பன்னீர் வாயைப் பொத்தினார். தன் வாயை இல்லை, மைக்கின் வாயை.

“அந்த வார்த்தைய இந்த ரூமுக்குள்ள சொல்லாதீங்க அத்தான். மைக்கு புடிச்சுக்கும்.”

“மாப்ளே, திட்டுல உன் அக்கா மக நிக்கிறாடா.”

“தெரியும். ஏஜென்டுங்களும் நிக்கிறாங்க. இது அவங்க காதுல விழுந்தா தீவே மூழ்கிடும்.”

“விழலன்னா அவங்களே மூழ்கிடுவாங்க!”

பன்னீர் கணக்குப் போட்டுப் பார்த்தார். படகு அனுப்பலாம் என்றால் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். திட்டில் தொலைபேசி கிடையாது. இருப்பது ஒலிபெருக்கி ஒன்றுதான். அந்த ஒலிபெருக்கிக்குப் போகிற வழியில் இருப்பது இந்த மைக். மைக்குக்குப் போகிற வழியில் இருப்பது அவர் விரல்.

“உத்தரவு அத்தான்,” என்றார் பன்னீர். “மழை, புயல்னு வந்தா நான் அமுக்கித்தான் ஆகணும். நல்லதா எது வேணாலும் சொல்லுங்க. நான் கைய வைக்க மாட்டேன்.”

“நல்லதா எது வேணாலும்?”

“எது வேணாலும்.”

வெயிலார் மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தேனை விழுங்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“நேயர்களே. இன்று நம் தீவில் வெயில். நல்ல வெயில். அருமையான வெயில்.”

சந்தையில் பாதிப் பேர் காய்கறியைக் கீழே போட்டார்கள்.

“அது மட்டுமல்ல நேயர்களே. இன்று நம் தீவு,” என்று மூச்சை இழுத்தவர், மகளை நினைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து சொன்னார், “சொர்க்கம்! மணல் திட்டில் சொர்க்கம்! கடற்கரையெங்கும் சொர்க்கம்! சொர்க்கம் இதோ வந்துகொண்டே இருக்கிறது!”

சொல்லி முடிப்பதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. முதலில் கதவுகள். பிறகு கால்கள். பிறகு, “ஐயோ சொர்க்கம் வருது, ஓடுங்க!” என்ற அலறல். ஒருத்தி ஒரு கையில் குழந்தை, மறுகையில் தையல் இயந்திரத்தோடு ஓடினாள். ஒருவன் கதவைப் பூட்டிவிட்டு ஓடாமல், கதவையே கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். முகம் பாதி மழித்த ஆள், மறுபாதி நுரையோடு—

“அது நான் இல்ல,” என்றார் சலூன்காரர். “அப்ப நான் இந்தத் தீவுக்கே வரல. எனக்கு முன்னாடி கடை வச்சிருந்தவரு.”

திட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒலிபெருக்கியில் சொர்க்கம் என்று கேட்டதும் ஏஜென்டுகள் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் வெயிலாரின் மகள் தட்டைக் கடலில் வீசிவிட்டு, சீருடைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “படகுல ஏறுங்க, படகுல ஏறுங்க” என்று ஆளுக்கொரு தள்ளு தள்ளினாள். ஏன் என்று கேட்ட ஓர் ஏஜென்டுக்கு அவர் மொழியிலேயே விளக்கினாள்: “எல்லாரும் சொர்க்கத்துக்குப் போறோம்.” அவர் உடனே மண்டியிட்டுப் பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டார். அவரை மண்டியிட்ட நிலையிலேயே தூக்கிப் படகில் வைத்தார்கள். சங்கத் தலைவர் மட்டும் நகரவில்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதி கட்டியவர், தீவின் பாஷை தெரியாது. “சொர்க்கம்னு ரேடியோவுலயே சொல்லியாச்சு, இதை விட்டுட்டு எங்க போறீங்க?” என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். படகோட்டி அவரை நாற்காலியோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். கடைசிப் படகு திரும்பும்போது பின்னால் திட்டு இல்லை. ஒலிபெருக்கி மட்டும் ஒரு கம்பத்தின் மேல், கழுத்தளவு தண்ணீரில் நின்று, “சொர்க்கம், சொர்க்கம்” என்று கொப்பளித்துக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது.

அதை எழுத ஒரு சொல் போதாது, தடைசெய்த சொற்கள் அத்தனையும் வேண்டும். காற்று வந்த வேகத்தில் தென்னைகள் தோப்பு மாறி நின்றன. யாருடைய மரம் யாருடையது என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. ஒரு விடுதியின் நீச்சல் குளம், தண்ணீர் தளும்பாமல், அப்படியே பக்கத்து விடுதிக்குக் குடிபெயர்ந்தது. மூன்று நட்சத்திர விடுதியின் பலகையிலிருந்து ஒரு நட்சத்திரம் பிய்ந்து பறந்து எதிர் விடுதியில் ஒட்டிக்கொண்டதால், எதிர் விடுதிக்காரர் மறுநாளே அறை வாடகையை ஏற்றினார். எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்கரை விடுதியின் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு மீன் உள்ளே வந்தது. சின்ன மீன் இல்லை, ஆள் உயர மீன். நேராக வரவேற்பு மேசைக்குப் போய், தலையைத் தூக்கி, அறை கிடைக்குமா என்று பார்த்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மீன், வெயிலார் தம் சொந்தக் கையால் சேர்த்த மசாலா. முதல் தடவை கதை சொன்னபோது கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள் என்பதற்காகச் சேர்த்தார். அவ்வளவு ருசியாக அமைந்துவிட்டதால் பிறகு எடுக்க மனம் வரவில்லை.

மின்சாரம் போகும்வரை வெயிலார் மைக்கை விடவில்லை. போனதும் அவரும் பன்னீரும் குன்றுக்கு ஓடினார்கள். உச்சியிலிருந்த பள்ளிக்கூடத்தில் தீவு முழுக்கத் திணிந்து கிடந்தது. வெயிலார் வகுப்பு வகுப்பாகப் போய் மகள் முகத்தைத் தேடினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. கடைசி வகுப்பில், கரும்பலகைக்குக் கீழே, தலைமுடியைப் பிழிந்துகொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் அழவில்லை, திட்டினாள். “ஏம்ப்பா, சொர்க்கத்துக்கு முன்னாடி கொஞ்சம் நரகம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

ஓர் உயிர்கூடப் போகவில்லை. மண்டியிட்ட ஏஜென்டுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

கதையை முடித்து வெயிலார் நிமிர்ந்தார். தபால் அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயிலாருக்கு அந்தச் சிரிப்பு பிடித்தது, ஆனால் நம்பியவன் சிரிப்பு வேறு, நம்பாதவன் சிரிப்பு வேறு என்று வாழ்நாள் முழுக்க மைக்கில் பேசியவருக்குத் தெரியாதா?

“பிரமாதம் சார். ஆனா மீன் வரைக்கும் போயிருக்க வேண்டாம்.”

“சாட்சி இருக்காரே!” வெயிலார் நாற்காலியைக் காட்டினார். “கேளுங்க.”

சலூன்காரர் கடைசி நுரையை வழித்தார். வெளியே வந்த முகம் கல்லாக இருந்தது.

“அன்னைக்கு மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றார் பன்னீர். “கொஞ்சம் காத்து. அலை ஒத்திகை நடந்துச்சு. ரிப்போர்ட்ல அப்படித்தான் போட்டோம்.”

“அப்புறம் நீங்க எதுக்கு சார் குன்று மேல ஏறினீங்க?” என்றார் தபால் அதிகாரி.

“உடற்பயிற்சி.”

அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரை மேல் யாரோ ஒரு மூட்டை கூழாங்கல்லைக் கொட்டினதுபோல ஆரம்பித்தது. ஓட்டை முதலில் யோசித்தது. பிறகு வாளியைத் தவறவிட்டு, பன்னீரின் மழித்த கன்னத்தில் ஒரு பெரிய சொட்டை வைத்தது.

“என்னய்யா இது?”

“பன்னீர் சார்,” என்றார் சலூன்காரர் பணிவாக. “கடை செலவுல போட்டுட்டேன்.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலாரின் மகள் வந்தாள். இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், படகுத்துறையில் சொந்தமாகப் படகுச் சேவை நடத்துகிறாள். கையில் பெரிய குடை, காலில் முழங்கால்வரை சேறு. பாதப் பராமரிப்பு, என்று வெயிலார் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

“கிளம்புங்கப்பா, இன்னும் வலுக்கப் போவுது. மாமா, நீங்களும் வாங்க. அம்மா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொன்னா.” பெஞ்சிலிருந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “அந்தக் கதையா? மாமா இன்னும் இல்லன்னுதான் சொல்றாரா?”

“அலை ஒத்திகையாம்,” என்றார் வெயிலார்.

“அப்ப மாமாவுக்குக் குடை எதுக்கு? வெயில்தானே அடிக்குது. நடந்தே வரட்டும்.” குடையை விரித்து அப்பாவின் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். வெளியே எதிர்ச் சுவர்கூடத் தெரியவில்லை.

பன்னீர் துணியைக் கழற்றிவிட்டு வாசல்வரை வந்தார். மழையைப் பார்த்தார். பிறகு அக்கா மகளைப் பார்த்தார். வெயிலார், வழக்கமான ‘பொய்’ வரும் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

“அத்தான்,” என்றார் பன்னீர். “சந்தையில நீங்க அதைச் சொன்னப்ப நான் பின்னாடிதான் நின்னேன். கத்தரிக்காய் வாங்கிட்டு இருந்தேன்.”

வெயிலார் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

“சொர்க்கம்னா என்னன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ‘நல்லதா எது வேணாலும் சொல்லுங்க’ன்னேன். நீங்க எங்க வேற எதையாவது சொல்லித் தொலைச்சிடுவீங்களோன்னு எனக்கு உசிரே இல்ல.” “ஆபீசரே ஊர் பாஷைக்கு வழி விட்டான்னு தெரிஞ்சா வேலை போயிருக்கும். அப்புறம் பொய் சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு.”

“அப்போ நடந்தது நெசமா?” என்றார் தபால் அதிகாரி, எழுந்தே விட்டார்.

“நடந்துச்சு சார். பெஞ்சது மழை. அடிச்சது புயல். தீவே குன்று மேல ஏறிச்சு, கோழிக் குஞ்சு உட்பட.”

“மீன்?”

தன் மசாலாவை நினைத்து வெயிலார் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். பன்னீர் குடைக்குள் தலையை நுழைத்து, அக்கா மகளின் மறுபக்கம் ஒண்டிக்கொண்டார்.

“விடிஞ்சதும் விடுதியப் பாக்கப் போனேன். வரவேற்பறையில இடுப்பளவு தண்ணி. அதுல நின்னுக்கிட்டு மேசையப் பாத்துட்டு இருந்துச்சு. ஏஜென்டுங்க கண்ணுல பட்டா மானம் போயிடுமேன்னு, நான்தான் சார் குளியல் தொட்டி இருக்குற அறையாப் பாத்து அதுக்குத் திறந்து விட்டேன். கடல் பாத்த அறை.”